ஓய்வா? பிரிவா? ஊக்கமருந்தா? - ஒரு கேள்விக்குறி செய்கிற வேலை

ஒரு விளையாட்டு வீரரைப் பற்றி எதை வேண்டுமானாலும் எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளத் தமிழில் நாலைந்து வார்த்தைகள் இருக்கின்றன. 'எனத் தகவல்', 'என்று கூறப்படுகிறது', 'நெட்டிசன்கள் கேள்வி', 'ரசிகர்கள் அதிர்ச்சி'. இதில் எதுவும் பொருந்தவில்லை என்றால் இருக்கவே இருக்கிறது கேள்விக்குறி. 'ஓய்வு பெறுகிறாரா?', 'மனைவியைப் பிரிந்தாரா?', 'அணிக்குள் மோதலா?', 'ஊக்கமருந்து எடுத்தாரா?'

டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்த ரகத் தலைப்புகள் ஒரு நாளைக்கு எத்தனை கண்ணில் படுகின்றன என்று எண்ணிப் பார்த்தால் அன்றைய ஷிஃப்ட் முடிந்துவிடும். எழுதியவர்களிடம் கேட்டால் ஒரே பதில்தான். "நாங்க எதுவும் சொல்லலையே... கேள்விதானே கேட்டோம்!"

சரி, கேள்விதான். யாரிடம் கேட்டார்கள்? அந்த வீரரிடம் கேட்கவில்லை. அவருடைய மேனேஜரிடமோ, பயிற்சியாளரிடமோ, அணி நிர்வாகத்திடமோ கேட்கவில்லை. காலையில் காபி டம்ளரும் கையுமாக மொபைலைத் திறக்கிற உங்களிடம் கேட்கிறார்கள். அவர் மனைவியைப் பிரிந்தாரா இல்லையா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பதில் தெரிந்தவரை விட்டுவிட்டு, தெரியவே வாய்ப்பில்லாத லட்சம் பேரிடம் கேட்பதற்குப் பெயர் கேள்வியா?

இந்தக் கேள்விக்குறி எப்படி வேலை செய்யும் என்பதற்கு நான் படித்தவற்றில் தெளிவான உதாரணம் கிரிக்கெட்டில் இல்லை, அமெரிக்க பேஸ்பாலில் இருக்கிறது. பேஸ்பால் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். ஹோம் ரன் என்றால் ஏறக்குறைய நம்ம ஊர் சிக்ஸர் என்று வைத்துக்கொண்டால் போதும்.

2009-ம் வருடம், ஜூன் மாதம். ரவுல் இபான்யெஸ் என்ற வீரர் அந்த சீசனில்தான் பிலடெல்பியா ஃபிலிஸ் அணிக்கு வந்திருந்தார். அதற்கு முந்தைய வருடம் சாம்பியன் பட்டம் வென்ற அணி அது. இபான்யெஸுக்கு அப்போதுதான் 37 வயது நிறைந்திருந்தது. அந்த வயதில் பேட்டை எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களே அதிகம். இவரோ முதல் இரண்டு மாதங்களிலேயே ஹோம் ரன்களாக விளாசித் தள்ளினார். பார்த்தவர்களுக்கு ஆச்சர்யம். ஆச்சர்யத்தோடு ஒரு சந்தேகமும் வரத்தான் செய்யும், ஏனென்றால் காலம் அப்படி. அந்த வருடம் பிப்ரவரியில்தான் அலெக்ஸ் ரோட்ரிகஸ் என்ற மிகப்பெரிய நட்சத்திரம் தான் ஊக்கமருந்து எடுத்திருந்ததை ஒப்புக்கொண்டிருந்தார். மே மாதம் மேனி ராமிரெஸ் என்ற இன்னொரு நட்சத்திரத்துக்கு 50 ஆட்டங்கள் தடை விதிக்கப்பட்டது.

இந்தச் சூழலில், 27 வயது ரசிகர் ஒருவர் இணையத்தில் ஒரு கட்டுரை எழுதினார். கண்டபடி திட்டிய கட்டுரை இல்லை அது. எந்த மைதானங்களில் ஆடினார், எதிரே பந்து வீசியவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்றெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்து, கடைசியில் 'இந்தக் காலத்தில் ஊக்கமருந்தாக இருக்குமோ என்ற சந்தேகத்தையும் ஒதுக்கிவிட முடியவில்லையே' என்ற இடத்துக்கு வந்து நின்றார். இந்தச் சந்தேகம் நியாயமற்றதாக இருக்கலாம் என்று தலைப்பிலேயே சொல்லியிருந்தார். இன்று நம் ஊரில் வருகிற பல தலைப்புகளோடு ஒப்பிட்டால், அவர் ரொம்பவே நிதானமான மனிதர்.

அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. பிலடெல்பியாவின் பெரிய நாளிதழில் ஒரு பத்தி எழுத்தாளர் இந்தக் கட்டுரையைக் கண்டித்து எழுதினார். இப்படி ஆதாரமே இல்லாமல் எழுதலாமா என்பதுதான் அவருடைய வாதம். நியாயமான வாதம். ஆனால் அதுவரை சில பேர் மட்டும் படித்திருந்த ஒரு சந்தேகத்தை அந்தக் கண்டனம் ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நிருபர்கள் மைக்கோடு இபான்யெஸிடம் போனார்கள். அவர் கொதித்துப்போனார். ரத்தம், சிறுநீர், முடி எது வேண்டுமானாலும் எடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள் என்றார். எழுதியவரை அம்மா வீட்டு பேஸ்மென்ட்டில் உட்கார்ந்திருக்கும் ஆள் என்கிற ரீதியில் திட்டித் தீர்த்தார். அது தேசிய அளவில் தலைப்புச் செய்தி. அதற்குப் பிறகு டிவியில் விவாதம். 'வீரர்களைச் சந்தேகிக்கும் உரிமை ரசிகர்களுக்கு உண்டா?' பாருங்கள், அங்கேயும் ஒரு கேள்விக்குறி!

இதில் பொய் சொன்னவர் என்று யாரையாவது சுட்டிக்காட்ட முடியுமா? எழுதியவர் சந்தேகத்தைச் சந்தேகம் என்றுதான் எழுதினார். நாளிதழ் கண்டிக்கத்தான் செய்தது. டிவி விவாதிக்கத்தான் செய்தது. எல்லோரும் அவரவர் வேலையைச் செய்தார்கள். முடிவில், ஒரு தவறும் செய்ததாக நிரூபிக்கப்படாத மனிதர் கேமரா முன்னால் நின்று 'என் ரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்ல வேண்டியிருந்தது.

இபான்யெஸ் 2014 வரை ஆடினார். மொத்தம் 305 ஹோம் ரன்கள். எந்த ஊக்கமருந்துச் சோதனையிலும் சிக்கியதில்லை. 2012-ல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக ஒரு முக்கியமான பிளே-ஆஃப் ஆட்டம். கடைசிக் கட்டத்தில் ஒருவரை வெளியே உட்காரவைத்துவிட்டு அவருக்குப் பதிலாக 40 வயது இபான்யெஸை இறக்கினார்கள். ஹோம் ரன் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். பிறகு இன்னொன்று அடித்து ஜெயிக்கவும் வைத்தார். வெளியே உட்காரவைக்கப்பட்டவர் யார் தெரியுமா? அதே அலெக்ஸ் ரோட்ரிகஸ். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். நெருப்பில்லாமல் புகையுமா? வதந்தி என்று சொன்ன எத்தனையோ விஷயம் பிறகு உண்மையாகியிருக்கிறதே?

ஆகியிருக்கிறது. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் கதை ஒன்று போதும். புற்றுநோயை வென்று வந்து, 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை டூர் டி ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஜெயித்தவர். உலகமே கொண்டாடியது. டேவிட் வால்ஷ் என்ற விளையாட்டு நிருபருக்கு மட்டும் முதல் வருடத்திலிருந்தே சந்தேகம். அவர் என்ன செய்தார்? கேள்விக்குறி போட்டுத் தலைப்பு எழுதிவிட்டுத் தூங்கப் போகவில்லை. வருடக்கணக்கில் அலைந்தார். ஆம்ஸ்ட்ராங்கின் அணியில் மசாஜ் செய்பவராக வேலை பார்த்த எம்மா ஓ'ரைலியைப் பேசவைத்தார். முன்னாள் சக வீரரின் மனைவி பெட்ஸி ஆண்ட்ரூவைப் பேசவைத்தார். இருவரும் தங்கள் பெயரிலேயே பேசினார்கள். 2004-ல் இன்னொரு பத்திரிகையாளரோடு சேர்ந்து புத்தகமே எழுதினார். அதையொட்டி செய்தி வெளியிட்ட லண்டன் சண்டே டைம்ஸ் மீது ஆம்ஸ்ட்ராங் அவதூறு வழக்குப் போட, பத்திரிகை 3 லட்சம் பவுண்ட் கொடுத்து சமரசம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. 2012-ல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் அறிக்கை வந்தது, ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. அடுத்த ஜனவரியில் ஓப்ரா வின்ஃப்ரேயிடம் அவரே ஒப்புக்கொண்டார்.

ஆம்ஸ்ட்ராங் அதுவரை வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது என்ன? 'நான் எடுக்கவே இல்லை, இத்தனை சோதனைகளில் ஒன்றிலாவது சிக்கினேனா?' இபான்யெஸ் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். ஒருவர் பொய் சொன்னார். இன்னொருவர்மீது இன்றுவரை எதுவும் நிரூபிக்கப்படவில்லை. கேமரா முன்னால் இரண்டு பேரின் கோபமும் ஒரே மாதிரிதான் இருந்தது. வெளியில் இருந்து பார்க்கிற எனக்கும் உங்களுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான், வதந்தியை முதலில் போட்டுவிட்டு 'மறுத்தால் மறுப்பையும் போடலாம்' என்பது என் கணக்கில் செய்தியே இல்லை. மறுப்பு எதையும் நிரூபிக்காது. நிரூபிக்க ஓ'ரைலி மாதிரி ஒருவர் வேண்டும். அவரைத் தேடிப் போக ஒருவர் வேண்டும்.

டிப்ளோமா வகுப்பில் இதை யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை. வேலைக்கு வந்த பிறகு நானாகக் கண்டுபிடித்த ஒரு சின்ன வழி இருக்கிறது. தலைப்பிலிருக்கும் கேள்விக்குறியை எடுத்துவிட்டுப் படித்துப் பார்ப்பது. 'மனைவியைப் பிரிந்தார்.' இப்படி எழுத நம்மிடம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால், இன்னும் ஒரு ஃபோன் போட்டு உறுதி செய்துகொண்டு எழுதலாம். இல்லையென்றால் கேள்விக்குறியோடு எழுதவும் ஒன்றும் இல்லை. இதைச் சொன்னால் சில சீனியர்கள் சிரிப்பார்கள். "அப்புறம் மதியத்துக்கு என்னத்தைப் போடுவ?"

அவர்கள் சிரிப்பதிலும் அர்த்தம் இருக்கிறது. ஃபோன் போட்டு விசாரித்து, வதந்தி பொய் என்று தெரிந்தால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. ஒரு செய்தி குறையும், அவ்வளவுதான். ஃபோன் போடாமலிருந்தால்? முதலில் வதந்தி, அடுத்து 'ரசிகர்கள் அதிர்ச்சி', மறுநாள் 'வதந்திக்கு முற்றுப்புள்ளி வைத்த வீரர்!' என மூன்று செய்திகள். கேள்விக்குறியை வைப்பது நாம், முற்றுப்புள்ளியை வைக்க வேண்டியது அவர். நல்ல பங்கீடு!

போதாக்குறைக்கு, ஒரு தளம் போட்டதை இன்னொரு தளம் 'தகவல் வெளியாகியுள்ளது' என்று எடுத்துப் போடும். மூன்றாவதாக வருபவருக்கு இப்போது இரண்டு சோர்ஸ். உண்மையில் இருப்பது ஒன்று. அந்த ஒன்றும் யாரோ ஒருவர் இன்ஸ்டாகிராமில் யாரையோ அன்ஃபாலோ செய்ததாக இருக்கலாம். வீராங்கனை என்றால் இன்னும் மோசம். கையில் மோதிரம் இல்லாத ஒரு போட்டோ போதும், குடும்பமே பிரிந்துவிடும்.

2019 செப்டம்பரில் விராட் கோலி ஒரு பழைய படத்தைப் பகிர்ந்தார். 2016 டி20 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆட்டம், பக்கத்தில் தோனி. அவ்வளவுதான், தோனி ஓய்வு என்று இந்தியா முழுக்க ட்ரெண்டானது. தேர்வுக்குழுத் தலைவர் மறுத்தார். இதற்குப் பெயர் வதந்தி என்று சாக்‌ஷி தோனி ட்வீட் போட்டார். வீட்டில் சும்மா உட்கார்ந்து ஒரு போட்டோ போட்டேன், அது இப்படி ஆகிவிட்டது என்று கோலியே பிரஸ் மீட்டில் சொன்னார். தோனி உண்மையில் ஓய்வை அறிவித்தது 11 மாதம் கழித்து, 2020 ஆகஸ்ட் 15 அன்று. இதையெல்லாம் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம்.

சிரிக்க முடியாத ஒன்று 2021 நவம்பர் 10-ல் நடந்தது. ஹரியானாவின் சோனிபட் பகுதியில் ஒரு மல்யுத்தப் பயிற்சி மையத்தில் துப்பாக்கிச்சூடு. நிஷா தஹியா என்ற மல்யுத்த வீராங்கனையும் அவருடைய சகோதரரும் கொல்லப்பட்டார்கள் என்று செய்தி வந்தது. அதே பெயரில் இன்னொரு வீராங்கனை இருந்தார். சில நாள்களுக்கு முன்புதான் 23 வயதுக்குட்பட்டோர் உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வென்றவர். பாரிஸ் ஒலிம்பிக்கில் 8-1 என முன்னிலையில் இருந்தபோது கையில் அடிபட்டு, வலியில் அழுதுகொண்டே விளையாடித் தோற்றாரே, அவர்தான். பெயர் ஒன்றாக இருந்தது. பதக்கம் வென்றவரின் போட்டோ கூகுளில் முதலில் கிடைத்தது. போதாதா? அவருடைய படத்தோடு மரணச் செய்தி நாடு முழுக்கப் போய்விட்டது.

அந்த நேரத்தில் அவர் உத்தரப்பிரதேசத்தின் கோண்டாவில், தேசிய சாம்பியன்ஷிப்புக்காகத் தயாராகிக்கொண்டிருந்தார். ஒலிம்பிக் பதக்கம் வென்ற சாக்‌ஷி மாலிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, 'நான் நிஷா, கோண்டாவில் இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன்' என்று செல்போனில் ஒரு வீடியோ எடுத்து வெளியிட வேண்டியிருந்தது. தான் உயிரோடு இருப்பதற்குச் சாட்சியோடு வீடியோ! அந்தக் குடும்பத்துக்கு அன்றைக்கு எத்தனை ஃபோன் வந்திருக்கும்? மல்யுத்தச் சம்மேளனத்துக்கு ஒரே ஒரு ஃபோன் போட்டிருந்தால், போட்டி நடக்கும் இடத்திலேயே அவர் இருப்பது தெரிந்திருக்கும். மறுநாள் அவர் 65 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். நாமும் 'வதந்திக்குப் பதிலடி' என்று மகிழ்ச்சியாகத் தலைப்பு வைத்தோம்.

இதில் எனக்கு இன்னும் உறுத்துவது வேறொன்று. அன்றைக்கு ஒரு பெண் உண்மையிலேயே கொல்லப்பட்டிருந்தார். வளர்ந்துவந்த ஒரு மல்யுத்த வீராங்கனை. அவருடைய சகோதரரும் கொல்லப்பட்டார். திருத்தம் வந்த பிறகு 'நிஷா உயிரோடு இருக்கிறார்' என்பதுதான் பெரிய செய்தி. இறந்த பெண் 'அதே பெயர் கொண்ட வேறொருவர்' ஆகிவிட்டார். தன் மரணச் செய்தியில்கூட அவருக்குத் தன் முகம் கிடைக்கவில்லை.

"நம்பகமான ஆளே சொன்னால்?" என்று கேட்பீர்கள். ஜிம்பாப்வேயின் ஹீத் ஸ்ட்ரீக் விஷயத்தில் நடந்தது அதுதான். டெஸ்ட்டில் 216 விக்கெட் எடுத்த வேகப்பந்து வீச்சாளர், முன்னாள் கேப்டன். புற்றுநோயால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். 2023 ஆகஸ்ட் 23 அன்று அவர் இறந்துவிட்டதாகப் பதிவு போட்டவர் ஏதோ முகம் தெரியாத ஆள் இல்லை, அவரோடு சேர்ந்து ஆடிய ஹென்றி ஒலாங்கா. உலகம் முழுக்கச் செய்தி. நம்ம அஸ்வின்கூட இரங்கல் பதிவு போட்டுப் பிறகு நீக்கினார். கொஞ்ச நேரத்தில் ஒலாங்கா, ஸ்ட்ரீக்குடனான வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டார். தேர்டு அம்பயர் அவரைத் திரும்ப அழைத்துவிட்டார் என்று வேறு எழுதினார். அந்த வாட்ஸ்அப் மெசேஜ் முதலிலேயே போயிருந்தால்?

நான் உயிரோடுதான் இருக்கிறேன், இந்தச் செய்தி என்னைக் காயப்படுத்திவிட்டது என்று மும்பைப் பத்திரிகை ஒன்றிடம் ஸ்ட்ரீக் சொன்னார். சாவை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதர், தன் இரங்கல் குறிப்புகளைத் தானே படித்திருக்கிறார். செப்டம்பர் 3 அன்று அவர் உண்மையாகவே காலமானார். 49 வயது. அந்தச் செய்தி வந்தபோது பல பேர் கேட்ட முதல் கேள்வி, 'இது உண்மையா, மறுபடியும் வதந்தியா?' என்பதுதான். ஒரு மனிதருக்குக் கிடைக்க வேண்டிய முதல் நிமிட அஞ்சலியைக்கூடச் சந்தேகம் தின்றுவிட்டது.

இன்னொரு வகையும் இருக்கிறது. உறுதி செய்துவிட்டாலும் எழுதக் கூடாதவை. 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை சாந்தியை மறந்திருக்க மாட்டீர்கள். செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். பாலினப் பரிசோதனை என்பது மருத்துவருக்கும் அவருக்கும் இடையே இருக்க வேண்டிய விஷயம். ஆனால் அது வெளியே கசிந்து டிவியில் ஓடியது. அவருடைய உடலைப் பற்றி, அவருக்கு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் ஸ்டூடியோவில் உட்கார்ந்து பேசினார்கள். பதக்கம் பறிக்கப்பட்டது. தமிழக அரசு 15 லட்சம் ரூபாய் கொடுத்துக் கௌரவித்தது, பிற்காலத்தில் அவர் பயிற்சியாளராகவும் ஆனார். ஆனால் இடையில் அவர் பட்டதற்கு எந்தச் சேனல் விளக்கம் கொடுத்தது? அந்தச் செய்தியால் வாசகருக்கு, விளையாட்டுக்கு, யாருக்கு என்ன லாபம்? கேள்விக்குறி போட்டு நான் கேட்க விரும்பும் கேள்வி இதுதான்.

பாதிக்கப்பட்டால் கோர்ட்டுக்குப் போக வேண்டியதுதானே என்று கமென்ட்டில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஐபிஎல் சூதாட்ட விவகாரத்தில் தன்னைத் தொடர்புபடுத்திப் பேசியதாக ஒரு தொலைக்காட்சி நிறுவனம் உள்ளிட்டோர் மீது 100 கோடி ரூபாய் நஷ்டஈடு கேட்டு தோனி சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது 2014-ல். தோனியின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நீதிமன்றம் நியமித்தது 2025 ஆகஸ்ட்டில். யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும், நான் அதற்குள் போகவில்லை. நான் பார்ப்பது அந்த இரண்டு வருடங்களுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியை மட்டும்தான். பெயரும் பணமும் பெரிய வக்கீல்களும் இருக்கும் தோனிக்கே 11 வருடம்.

கோண்டாவில் இருந்த நிஷாவிடம் அன்றைக்கு இருந்தது, ஒரு செல்போனும் பக்கத்தில் உட்கார ஒரு தோழியும்தான்.